ஓட்டக் கைக்கடிகாரத்தை எங்கே சோதிப்பது?

ஜி.பி.எஸ். கைக்கடிகாரம் காட்டும் தூரம் சரிதானா என்று அறிய விரும்புவோர் முதலில் 400 மீட்டர் தடகளப் பாதைக்குச் செல்வது நல்லது. அங்கே உண்மைத் தூரம் முன்பே அளந்து வைக்கப்பட்டிருக்கிறது. முதல் தடத்தில்தான் ஓட வேண்டும், ஏனெனில் இரண்டாம் தடத்தில் ஒரு சுற்று ஏறத்தாழ 407 மீட்டர் ஆகிவிடும். நேர்ப்பகுதிகளில் என் கடிகாரம் செம்மையாகவே இருந்தது. வளைவுகளில் சற்றே உள்ளே ஒதுங்கிக் குறுக்கு வழியில் சென்றது.

சென்னையில், திறந்த வானத்தின் கீழ் கிடக்கும் காமராஜர் சாலையில், வரைபடத் தடம் நடைபாதையின் மீதே படிந்தது. அண்ணா சாலையின் உயர்ந்த கட்டடங்களுக்கு அருகிலோ, செயற்கைக்கோள் அலைகள் சுவர்களில் பட்டுத் தெறித்துத் தாமதமாக வந்து சேர்வதால், தடம் சாலையைக் கடந்து எதிர்ப்புறக் கடைகளுக்குள் புகுந்தது. எல்1, எல்5 ஆகிய இரு அலைவரிசைகளையும் பெறும் அமைப்பை இயக்கிய பிறகு இப்பிழை வெகுவாகக் குறைந்தது. ஆனால் பேட்டரி விரைவில் தீர்கிறது. நீண்ட ஓட்டங்களுக்கு அதைத் தாராளமாகப் பொறுத்துக்கொள்ளலாம் என்பேன்.

நாடித்துடிப்பு அளவீட்டில்தான் எனக்கு நிறைவில்லை. தோலின் மீது பச்சை ஒளியைப் பாய்ச்சி இரத்த ஓட்டத்தைக் கணிக்கும் இந்த உணரி, வார் தளர்ந்திருந்தால் காலடிகளின் தாளத்தையே இதயத் துடிப்பாகக் காட்டிவிடுகிறது. மெதுவாக ஓடத் தொடங்கிய உடனேயே துடிப்பு 170-ஐத் தொட்டால் ஐயம் கொள்ளுங்கள். வேகத்தை மாற்றி மாற்றி ஓடும் பயிற்சிகளுக்கு மார்பில் கட்டித் துடிப்பை அளக்கும் பட்டையையே நான் பரிந்துரைப்பேன்.