வெள்ளத்துக்குப் பிறகு வீட்டுக் கடன்: நாங்கள் சலுகை எடுத்த விதம்

டித்வா புயலுக்குப் பிறகு நாங்கள் வீட்டுக் கடனுக்குத் தவணைச் சலுகை எடுத்தோம் என்று எப்படியோ ஊருக்குள் பரவிவிட்டது. பள்ளிக்கூடத்தில், சந்தையில், கோயிலில் என்று காணுகிற இடமெல்லாம் மறித்துக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியாது, அதனால் எழுதிவிடுகிறேன். நான் வங்கி ஆள் இல்லை. இலங்கையில், கிளிநொச்சி மாவட்டத்தில் கண்டாவளைப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். கணவருக்கு வயல்.

வன்னியில் வீட்டை வங்கிக்கு ஈடு வைத்தவர்கள் அதிகம் பேர் இல்லை. போருக்குப் பிறகு எழும்பிய வீடுகளில் நிறைய இந்திய வீட்டுத்திட்டம் போன்ற மானியத்தில் வந்தவை. காணிகளும் பெரும்பாலும் பெர்மிட் காணிகள், அதாவது அனுமதிப்பத்திரத்தில் கிடைத்த அரச காணிகள். பெர்மிட்டைக் கொண்டுபோய் வங்கியில் நீட்டினால் இலேசில் வாங்க மாட்டார்கள், பிரதேச செயலாளரின் சம்மதம் அது இது என்று இழுபடும். எங்களுடையது மாமா வழி வந்த உறுதிக் காணி, சொந்தப் பத்திரம் உள்ளது. அதனால் லோன் கிடைத்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வெள்ளத்தில் அயலுக்குள் எத்தனையோ பேருடைய பெர்மிட்டும் பிறப்புச் சான்றிதழும் ஊறிக் கூழாகிவிட்டன. எங்கள் உறுதி ஈட்டில் இருந்ததால் கிளிநொச்சியில் வங்கியின் பெட்டகத்துக்குள் ஒரு சொட்டு ஈரம் படாமல் கிடந்தது.

2025 நவம்பர் கடைசியில் வந்த தண்ணீரைப் பற்றி இங்குள்ளவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2018 டிசம்பரிலும் பார்த்தோம், இந்த முறையும் பார்த்தோம். வீட்டுக்குள் சுவிட்ச் போர்ட்டுக்குச் சற்றுக் கீழே வரை ஏறி நின்றது. பின்பக்கக் குசினிச் சுவர் விழுந்துவிட்டது, அறைச் சுவரில் மூலையிலிருந்து மூலைக்கு வெடிப்பு, கதவுகள் ஊதி நிலையோடு இறுகிவிட்டன. காலபோகப் பயிர், அதாவது மாரிகால நெல், தண்ணீருக்கடியில் அழுகிப்போனது. சிக்னலும் இல்லை. பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் பாலம் போய், டிசம்பர் பிற்பகுதியில் இந்திய இராணுவம் இரும்புப் பாலம் போட்டுத் தரும்வரை அந்தப் பக்கத்துச் சனம் பட்ட பாடு தனிக்கதை.

டிசம்பர் முதல் வாரத்தில் மத்திய வங்கி, பாதிக்கப்பட்டவர்களின் கடன்களுக்கு மூன்று முதல் ஆறு மாதம் வரை முதலையும் வட்டியையும் பிற்போடும்படி வங்கிகளைக் கேட்டுக்கொண்டது. செய்தியைக் கேட்டதும், இது பொதுவாக எல்லோருக்கும் வரும் என்று பலர் பேசாமல் இருந்துவிட்டார்கள். இது அப்படி இல்லை. ஒவ்வொருவருடைய நிலையையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். நாங்களாகப் போய் எழுத்தில் கேட்க வேண்டும். அதற்கு ஒரு கடைசித் திகதியும் இருந்தது. இப்படி ஒரு சலுகைக்கு வங்கிக்குப் போகிற முதல் நாளே அந்தத் திகதியைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கிக்குப் போவதற்கு முன் விதானையாரிடம், அதாவது கிராம அலுவலரிடம், போக வேண்டும். அவருடைய கடிதத்தில் "வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவர்" என்று ஒற்றை வரி இருந்தால் போதாது. எந்தத் திகதியில் வெள்ளம் வந்தது, வீட்டில் எந்தப் பகுதி சேதம், வயல் எத்தனை ஏக்கர், முகாமில் இருந்தீர்களா உறவினர் வீட்டிலா, இவ்வளவும் அதில் வரவேண்டும். பிறகு பிரதேச செயலகத்தில் மேலொப்பம். பாவம், விதானையாரின் வீட்டுக்குள்ளும் தண்ணீர்தான். முற்றத்தில் மேசையைப் போட்டு, காயப்போட்ட ஃபைல்களுக்கு நடுவில் இருந்து எழுதித் தந்தார்.

துப்புரவுக்கான 25,000 ரூபாவும் வீட்டுப் பொருட்களுக்கான 50,000 ரூபாவும் அரசாங்கம் தனியாக அறிவித்தவை. அதற்கும் வங்கிக் கடனுக்கும் தொடர்பில்லை. ஆனாலும் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். லோன் தவணை பிடிபடுகிற அதே கணக்கு இலக்கத்தை அந்த உதவித்தொகைப் படிவத்தில் எழுதினால், காசு வந்த கையோடு தவணைக்குப் போய்விட இடமுண்டு. நாங்கள் கணவரின் வேறொரு கணக்கைக் கொடுத்தோம்.

இனி வங்கி. அதிகாரி இளம் பிள்ளை, மரியாதையான பிள்ளை. கடிதத்தை வாசித்தார், படங்களைப் பார்த்தார், உச்சுக்கொட்டினார். பிறகு சொன்னார்:

"டீச்சர், உங்கட சம்பளம் நிக்கேல்லையே. இது வருமானம் போன ஆக்களுக்குத்தானே."

அரச உத்தியோகத்தர் எல்லோருக்கும் இந்தப் பதில்தான் கிடைத்திருக்கிறது என்று பிறகு அறிந்தேன். பலர் அதோடு எழும்பி வந்துவிட்டார்கள். நான் கேட்டேன்:

"தம்பி, எங்கட ஃபைலை ஒருக்காத் திறந்து பாருங்கோ. லோன் தரேக்க என்ர சம்பளம் மட்டும் காணாதெண்டு அவற்ற வயல் வருமானத்தையும் சேர்த்துத்தானே கணக்குப் பாத்தனீங்கள்?"

திறந்தார். விண்ணப்பத்தில் இரண்டு பேருடைய கையெழுத்தும் இருந்தது. வருமானப் பகுதியில் நெல் விற்ற பற்றுச்சீட்டுகளின் கொப்பியும் இருந்தது. "அப்ப வயல் அழிஞ்சதுக்கு ஒரு கடிதம் வேணும்" என்றார். அந்த ஒரு கேள்வியால்தான் கதவு திறந்தது. கணவன் மனைவி சேர்ந்து எடுத்த கடனென்றால், யாருடைய வருமானம் விழுந்தாலும் கடன் கட்டும் வலு விழுந்ததுதான். இதை வங்கி தானாக நினைத்துப் பார்க்காது, நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

வயல் கடிதத்துக்குக் கமநல சேவை நிலையத்தில் ஒரே நெரிசல். பயிர் அழிவு நட்டஈட்டுக்குப் பதிய வந்த சனம் வாசல்வரை நின்றது. அந்தப் பதிவோடு வங்கிக்கும் ஒரு பிரதி கேட்டு வாங்கினோம். கமக்காரர் அமைப்பின் கடிதத்தையும் இணைத்தோம்.

அப்புறம்தான் முக்கியமான பகுதி. வங்கி இரண்டு வழி சொன்னது. ஆறு மாதம் ஒன்றுமே கட்டாமல் விடலாம். அல்லது ஆறு மாதம் வட்டியை மட்டும் கட்டலாம். முதலாவதைக் கேட்டதும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வாயெல்லாம் பல். ஆனால் அந்த ஆறு மாதமும் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். வங்கி எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் படிப்பிக்கிறது கணிதம், அதனால் வீட்டுக்கு வந்து கொப்பியை எடுத்தேன்.

விளங்குவதற்காக வட்டமான தொகையில் சொல்கிறேன். மீதி 20 இலட்சம், வருட வட்டி 12 வீதம், இன்னும் 8 வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை ஏறத்தாழ 32,500 வரும். அதில் 20,000 இப்போதைக்கு வட்டிக்கே போய்விடும். ஆறு மாதம் ஒன்றுமே கட்டாமல் விட்டு, சேர்கிற வட்டியை முதலோடு கூட்டினால் மீதி 21 இலட்சத்து 23,000 ஆகிறது. கடைசித் திகதி மாறாமல் மிச்சம் ஏழரை வருடத்தில் அதை முடிக்க வேண்டுமென்றால் தவணை 35,900 அளவுக்கு ஏறும். வட்டியை மட்டும் மாதம் 20,000 கட்டிக்கொண்டு வந்தால் மீதி 20 இலட்சமாகவே நிற்கும், பிறகு தவணை 33,800 அளவு. இரண்டுக்கும் மாதம் இரண்டாயிரத்துக்கு மேல் வித்தியாசம், அதுவும் ஏழரை வருடத்துக்கு.

கடைசித் திகதியை ஆறு மாதம் தள்ளிவிடலாமே என்று கேட்பீர்கள். சிலருக்குத் தள்ளிக் கொடுத்தார்கள். எனக்கு முடியவில்லை. அரச உத்தியோகத்தர் 60 வயதில் ஓய்வு. என் லோன் அந்த மாதத்தோடு முடியும்படி போடப்பட்டது, அதற்கு மேல் வங்கி ஒரு மாதமும் தராது. வயது குறைந்தவர்கள் திகதியைத் தள்ளக் கேட்கலாம். ஆனால் லோனோடு எடுத்த ஆயுள் காப்புறுதி பழைய திகதியிலேயே முடிந்துவிடும். அதையும் நீட்டுவார்களா என்று அப்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இதைவிடக் கணவர் சொன்னதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. வங்கியின் ஆறு மாதம் ஜூனோடு முடிகிறது. அழிந்தது காலபோகம். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் நிறைய நிற்பதால் சிறுபோகம், அதாவது கோடைகால நெல், செய்யலாம், ஆனால் அந்த நெல் வீட்டுக்கு வர ஓகஸ்ட் ஆகும். அப்படியென்றால் முழுத் தவணை, அதுவும் கூடின தவணை, ஜூலையில் கையில் காசில்லாத நேரத்தில் வந்து நிற்கும். கமக்காரர்களுக்குச் சலுகை கொடுக்கிறவர்கள் போகத்தைப் பார்க்காமல் கலண்டரைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். இதை முகாமையாளரிடம் நேரடியாகவே சொன்னோம். சிரித்தார். சட்டம் ஒன்றும் மாறவில்லை.

கடைசியில் வட்டி மட்டும் கட்டும் வழியை எடுத்தோம். என் சம்பளத்தில் அதைச் சமாளிக்கலாம். மிச்சம் பிடிக்கிற காசை ஜூலைத் தவணைக்கென்று தனியாகப் போட்டு வருகிறோம். சம்பளமே இல்லாமல் வயலையோ கடல் தொழிலையோ மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். அவர்கள் முழுதாகவே நிறுத்தத்தான் வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் கட்டக்கூடிய ஏதோ ஒரு தொகை இருந்தால் அதைக் கட்டிக்கொண்டிருப்பது நல்லது.

கையெழுத்து வைப்பதற்கு முன் கடிதத்தைத் தமிழில் கேட்டேன். கொஞ்சம் முகம் சுளித்தாலும் தந்தார்கள். அதில் பார்க்க வேண்டியது சலுகை எந்த மாதத் தவணையிலிருந்து தொடங்குகிறது, சேர்கிற வட்டி முதலோடு கூட்டப்படுமா தனிக் கணக்காக நிற்குமா, பிறகு வரும் புதுத் தவணை எவ்வளவு என்பவை. புதுத் தவணைத் தொகை எங்கள் கடிதத்தில் இருக்கவில்லை. கேட்டபோது கணினியில் பார்த்து அச்செடுத்து, முத்திரை குத்தித் தந்தார்கள்.

டிசம்பர்ச் சம்பளத்தில் முழுத் தவணையும் வழமைபோலப் பிடிபட்டுவிட்டது. விண்ணப்பம் கொடுத்தாலும் அனுமதி வந்து, தவணையைத் தானாகப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்த ஸ்டாண்டிங் ஓடரை மாற்றும்வரை சிஸ்டம் பிடிக்கத்தான் செய்யுமாம். திருப்பித் தரக் கேட்டோம், தரவில்லை. சலுகை ஜனவரியிலிருந்துதான் என்றார்கள். நத்தார், புதுவருடம், பிள்ளைகளின் புதுக் கொப்பி புத்தகம் எல்லாம் அந்த மாதத்தில்தான். ஆகவே விண்ணப்பம் கொடுக்கிற அன்றே, அனுமதி வரும்வரை தவணையை நிறுத்தி வைக்க முடியுமா என்று இன்னொரு கடிதமும் கொடுத்துவிடுங்கள். பக்கத்து ஊரில் ஒருவருக்கு அப்படி நிறுத்தியிருக்கிறார்கள்.

காப்புறுதியை மறந்துவிடாதீர்கள். வீட்டை ஈடு வைத்தால் தீக் காப்புறுதி கட்டாயம். பலர் அது தீப்பிடித்தால் மட்டும் என்று நினைத்துப் பத்திரத்தைப் பிரித்தும் பார்ப்பதில்லை. கட்டுப்பணத்தோடு கொஞ்சம் கூடக் கட்டியிருந்தால் புயலும் வெள்ளமும் அதில் சேர்ந்திருக்கும். எங்களுடையதில் சேர்ந்திருந்தது. மதிப்பீட்டாளர் வந்து வெடிப்பை அளந்து படம் எடுத்துப் போனார். குளிர்சாதனப் பெட்டி, கட்டில், அலுமாரி எதற்கும் கிடையாது, கட்டடத்துக்கு மட்டும்தான். பத்திரத்தில் வங்கியின் பெயரும் இருப்பதால் காசு வங்கி ஊடாகத்தான் வரும். அதைத் திருத்த வேலைக்குத் தாருங்கள், கடனில் கழிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கிறோம். விழுந்த குசினியை எழுப்பக் கல்லும் சீமெந்தும் வேண்டும்.

சலுகைக் காலத்தில் கட்டாமல் விட்ட தவணை, கிரிப் (CRIB) என்கிற கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் நிலுவையாக ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். உங்கள் அறிக்கையை நீங்களே எடுக்கலாம். பிழையாக ஏறியிருந்தால் சலுகைக் கடிதத்தின் கொப்பியோடு வங்கிக்கு எழுதுங்கள். வங்கியில் பதில் இல்லையென்றால் மத்திய வங்கியின் நிதி வாடிக்கையாளர் பிரிவுக்கு 1935 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம். எடுக்கும்போது லோன் இலக்கம், விண்ணப்பம் கொடுத்த திகதி, வாங்கியவரின் முத்திரை விழுந்த உங்கள் பிரதி மூன்றும் கையில் இருக்கட்டும். முத்திரை போடாமல் "வைச்சிட்டுப் போங்கோ" என்றால் வைத்துவிட்டு வராதீர்கள்.