340ஆம் இலக்கச் சட்டையும் பேராசிரியர் ஜக்சனும்

மலர்க் குழுத் தம்பிமார் நம் கல்லூரி ஆசிரியர் ஒருவரைப் பற்றித்தான் கேட்டார்கள். அதற்கு என்னிலும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். கல்லூரிக்குப் பிறகு எனக்கு வாய்த்த ஆசானைப் பற்றி எழுதுகிறேன் என்றேன், விட்டுவிட்டார்கள். அவர் மிச்சிகன் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஜோன் ஜக்சன்.

எண்பதுகளின் கடைசியில் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆபருக்குப் போகுமுன், கொழும்பில் ஆடை ஏற்றுமதி அலுவலகமொன்றில் கோட்டாப் பத்திரங்களோடு மாரடித்தவன் நான். அமெரிக்கக் கணக்கில் ஆண்களின் பருத்திச் சட்டைக்கு 340ஆம் இலக்கம், காற்சட்டைக்கு 347. ஒரு நாடு வருடத்துக்கு இத்தனைதான் அனுப்பலாம் என்ற அளவுதான் கோட்டா; எல்லாம் டசின் கணக்கு. அந்த வருடத்து டசின் முடிந்தால், தைத்து மடித்துப் பெட்டி கட்டிய சட்டையும் அப்படியே கிடக்கும். 1977க்குப் பிறகு ஹொங்கொங் முதலாளிமார் கொழும்புக்கு வந்ததும் சும்மா இல்லை. அவர்களுடைய கோட்டா நிரம்பிவிட்டது, எங்களுடையது காலியாக இருந்தது.

இப்படி அளவு கட்டுவதையே காட் (GATT) என்ற நாடுகளுக்கிடையிலான வர்த்தக ஒப்பந்தத்தின் 11ஆம் உறுப்புரை தடுக்கிறது என்று ஜக்சனின் வகுப்பில் அறிந்தபோது சிரிப்புத்தான் வந்தது. புடவைக்கு, அதாவது துணிக்கும் ஆடைக்கும், மட்டும் 1974இல் பல்நார் ஒப்பந்தம் என்று தனிவழி வெட்டியிருந்தார்கள்.

காட் அதுவரை இராசதந்திரிகளின் சமாச்சாரம். அதைச் சட்டமாக எடுத்துப் பிரித்துக் காட்டியது 1969இல் வந்த ஜக்சனின் தடித்த நூல். 1973–74இல் வாஷிங்டனில் வர்த்தகப் பிரதிநிதி அலுவலகத்தின் தலைமைச் சட்ட ஆலோசகராகவும் இருந்ததால் பேரம்பேசும் பக்கமும் அவருக்குத் தெரியும். அவர் விடாமல் தோண்டியது காட்டின் பிறவிக் குறையை. 1947இல் 23 நாடுகள் ஒப்பமிட்டன. பின்னால் வரவிருந்த வர்த்தக அமைப்பு அமெரிக்கக் காங்கிரசின் ஆதரவில்லாமல் கருவிலேயே போயிற்று; தற்காலிகம் என்று தொடங்கிய காட் நாற்பது வருடம் ஓடியது. தகராறில் தோற்ற நாடே தீர்ப்பறிக்கையை ஏற்கவிடாமல் மறிக்கலாம். களவெடுத்தவனிடமே தீர்ப்புக்குச் சம்மதம் கேட்கிற மாதிரி!

பலத்தால் பேரம் பேசுவதைவிட விதியால் பேசுவது நல்லது, சிறிய நாடுகளுக்கு அதுவே காப்பு என்பது அவருடைய வாதம். நான் பாதிதான் ஒத்துக்கொண்டேன். பல்நார் ஒப்பந்தமும் விதிதானே, எழுதிய கை யாருடையது?

1990இல் ஒரு சின்ன நூலில், உலக வர்த்தக அமைப்பு வேண்டும் என்று எழுதினார். 1995 ஜனவரி 1இல் அது வந்தது. தோற்றவர் மறிக்கும் வழியும் அடைபட்டது. பத்து வருடத்தில் புடவைக் கோட்டாவும் ஒழிந்தது. என் பழைய அலுவலக நண்பர்கள் அதைக் கொண்டாடவில்லை, பயந்தார்கள். கோட்டா இருந்ததால்தானே தொழிற்சாலையே வந்தது?

கடைசிக் காலத்தில் ஜோர்ஜ்டவுனில் படிப்பித்த ஜக்சன் 2015 நவம்பரில் காலமானார். 2019 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பின் மேன்முறையீட்டு மன்றமும் படுத்துவிட்டது. புதிய உறுப்பினர் நியமனத்தை மறித்தது அமெரிக்கா. இப்போது தோற்ற நாடு மேன்முறையீடு செய்துவிட்டுச் சும்மா இருக்கலாம், கேட்க ஆளில்லை.