இடது கை

ஆகஸ்ட் 9
விடியவிடியக் காற்று. கதவு படாரென்று அடித்தது. பிறந்து ஏழு நாளான பையன் திடுக்கிட்டான். வலது கை விரிந்து, நடுங்கி, மார்புக்கு வந்தது. இடது கை போட்ட இடத்திலேயே கிடந்தது.

ஆகஸ்ட் 11
காறை எலும்பு உடையவில்லை. பிறக்கும்போது தோள் மாட்டிக்கொண்ட நேரத்தில் கழுத்தோர நரம்பு இழுபட்டிருக்கிறதாம். அந்தத் திடுக்கிடலுக்கு மோரோ என்று பேர். 1918இல் அதைப் பற்றி எழுதிய குழந்தை மருத்துவர் எர்ன்ஸ்ட் மோரோவின் பேர்தான். ஒரு கை மட்டும் விரிந்தால் இந்த நரம்பையும் காறை எலும்பையும்தான் முதலில் பார்ப்பார்கள். டாக்டர் இடது உள்ளங்கையில் விரலை வைத்தார். இறுக்கிப் பிடித்தான். "பிடி இருக்குதுங்க. கீழ் நரம்புக்கு ஒண்ணும் ஆகலை." கவுந்தப்பாடி தாண்டும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 16
பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியக் கூடாதென்று அம்மா அந்தக் கையைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். அவிழ்த்துவிட்டேன். ராத்திரிவரை பேசிக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 4
தூக்கி நிறுத்தினால் கட்டில்மேல் எட்டு வைக்கிறான். "அம்முச்சி வீட்டுக்கு நடந்தே வந்துருவான் சாமி" என்கிறாள் அம்மா. கை அசையவில்லை.

செப்டம்பர் 5
அசையவில்லை.

செப்டம்பர் 23
துணி மாற்றும்போதெல்லாம் தோளையும் முழங்கையையும் மெதுவாக மடக்கி நீட்டுகிறேன், டாக்டர் காட்டிக்கொடுத்தபடி. மூன்று மாதத்துக்குள் முழங்கை தானாக மடங்கினால் நல்லதாம். அதாவது நவம்பர் 2. ஆனால் என் மனசு வேறொன்றில் நிற்கிறது. மோரோ நான்கு, ஐந்து, மிஞ்சினால் ஆறு மாதத்தில் மறைந்துவிடும். மூளை வளர வளர அது அடங்க வேண்டியதுதான், அடங்காவிட்டால்தான் கவலை. எல்லாம் தெரிகிறது. அது போவதற்குள் இரண்டு கையும் சேர்ந்து விரிவதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். ஒரே ஒரு தடவை.

அக்டோபர் 5
எட்டு வைப்பது நின்றுபோச்சு. கண்ணு பட்டுவிட்டதென்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். கண்ணு இல்லை, காலில் சதை போட்டுக் கனத்துவிட்டது என்றேன். எஸ்தர் தெலன் என்ற அமெரிக்கப் பெண்மணியும் கூட இருந்தவர்களும் 1984இல் எழுதியிருக்கிறார்கள்: குழந்தைகளைத் தண்ணீரில் நிறுத்தியதும் எட்டுகள் கூடிவிட்டன. அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் அண்டாவில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றினாள். நெஞ்சுவரை இறக்கிப் பிடித்தோம். எட்டு வைத்தான்! அம்மா அழுதுவிட்டாள்.

நான் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிதந்தது. முழங்கை மடங்கிய மாதிரி இருந்தது. அவன் மடக்கினானா, தண்ணீர் மடக்கியதா?

அக்டோபர் 6
மறுபடி அண்டா. தெரியவில்லை.

அக்டோபர் 13
அம்மா பாரியூர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள். நானும்.

அக்டோபர் 20
விடியற்காலையிலிருந்து வெடி. மாமா நேற்று ராத்திரியே வந்துவிட்டார். கட்டிலில் மல்லாக்கப் போட்டிருந்தோம். பக்கத்து வீட்டு வாசலில் ஒன்று வெடித்ததும் வலது கை முழுசாக விரிந்தது. இடது முழங்கை துணியை விட்டு மேலே வந்தது. கொஞ்சம்தான், இரண்டு விரல்கடை இருக்கும். மாமாவும் பார்த்தார். அவன் வீறிட்டதும் ஓடிப்போய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

கையை எடுங்க மாமா என்றேன்.