வக்கீல் அண்ணாச்சியின் கிணற்றுக் கவிதை

விடுதியில் எனக்கு மூத்தவர் அவர். சட்டம் படித்து முடித்ததும் பாளையங்கோட்டைக்கே திரும்பி மாவட்ட நீதிமன்றத்தில் தொழில் பார்த்தார். பெரும்பாலும் சிவில் வழக்குகள்: பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, கிணற்றுப் பாத்தியதை. நல்ல பெயர், கை நிறைய கட்சிக்காரர்கள். அத்தனையும் விட்டுவிட்டுக் கவிதை எழுத உட்கார்ந்தவரை, "பிழைக்கத் தெரியாத மனுஷன்" என்று நம் சங்கக் கூட்டத்திலேயே ஒருவர் சொன்னார். மனசு பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நெல்லைச் சீமைக்கு இது புதிதா என்ன? ரசிகமணி டி.கே.சி. சட்டம் படித்தவர், மனம் போனதோ கம்பனிடம். வண்ணார்பேட்டையில் அவர் வீட்டு முற்றமான வட்டத்தொட்டியில் கூடியவர்கள் பாட்டைப் பாட்டாகவே ருசித்தார்கள். எஸ். வையாபுரிப் பிள்ளையும் திருநெல்வேலியில் வக்கீலாக இருந்தவர்தான். 1926இல் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதியின் பதிப்பாசிரியராகச் சென்னைக்குப் போனார். இவர்களையும் அன்றைக்கு யாராவது அப்படிச் சொல்லியிருப்பார்கள்.

அண்ணாச்சிக்குச் சட்டம் கசந்துவிடவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எனக்கு வேலை அமையாதிருந்த காலத்தில், அவர் ஆபீசில் மனுக்களைப் படியெடுத்துக் கொடுப்பேன். அப்போது நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஒரு வழக்கு வந்தது. பூர்வீகச் சொத்து. அப்பா இருக்கும்போதே அண்ணனும் தம்பியும் பாகம் கேட்டு நின்றார்கள். எந்தக் கிழமை யார் கிணற்று மோட்டார் போடுவது என்பது வரை தகராறு. தம்பிக்கு ஆஜரானவர் அண்ணாச்சி.

வாய்தாவுக்கு வாய்தா அவர்களுடைய அக்காவும் வந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். தம்பிகள் இரண்டு பேருக்குமே தூக்குவாளியில் சோறு கொண்டுவருவார். சின்ன வயதில் அந்தக் கிணற்றில் தண்ணீர் இறைக்கக் கமலை மாடு ஓட்டியவர் அவர்தான். தமிழ்நாட்டில் 1989இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு வந்த திருத்தம் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சமபங்கு கொடுத்தது. ஆனால் அது நடைமுறைக்கு வந்த மார்ச் 25க்கு முன்பே கல்யாணமானவர்களுக்குக் கிடையாது. அக்காவுக்கு அதற்கு வெகுமுன்பே கல்யாணம் ஆகிவிட்டது.

தம்பிக்குச் சாதகமாகவே தீர்ப்பு வந்தது. அன்று ராத்திரி ஆபீசில், பழைய பிராது நகல் ஒன்றின் பின்பக்கத்தில் அண்ணாச்சி எழுதிக்கொண்டிருந்தார். அடிப்பார், மறுபடி எழுதுவார், வாய்விட்டுப் படித்துப் பார்ப்பார். "சட்டத்துல அந்த அக்காவுக்கு இடம் இல்லலே. எங்கயாவது இருக்கணும்லா?" என்றார். கிணற்றுப் படிகளை மேலிருந்து கீழே எண்ணிக்கொண்டே போகும் கவிதை அது. அக்காவின் பெயர் கடைசிப் படியில், தண்ணீருக்குள் இருக்கும். அதற்குப் பிறகு அவர் புது வக்காலத்து எதுவும் வாங்கவில்லை. கையிலிருந்த வழக்குகளை ஒவ்வொன்றாக முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தார்; எந்தக் கட்சிக்காரரையும் நடுவழியில் விடவில்லை.

2005இல் மத்தியச் சட்டம் திருந்தி, கல்யாணமான பெண்களுக்கும் பங்கு கொடுத்தது. ஆனால் ஏற்கெனவே பாகம் பிரிந்து தீர்ப்பான சொத்தை அது தொடவில்லை. அந்த அக்காவின் பங்கு இன்றைக்கும் கவிதையில் மட்டும்தான் இருக்கிறது.

அவர் கவிதைகள் கையெழுத்துப் பிரதிகளாகவும் பழைய சிற்றிதழ்களிலும் சிதறிக் கிடக்கின்றன. நம் சங்கம் அவற்றைப் புத்தகமாகப் போட வேண்டும். வைத்திருப்பவர்கள் நகல் எடுத்து மலர்க் குழுவுக்கு அனுப்புங்கள். அச்சுச் செலவில் பாதியை நான் தருகிறேன். அண்ணாச்சியிடம் போனில் கேட்டேன். சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை: கிணற்றுக் கவிதையில் அக்காவின் பெயரையும் ஊரையும் மாற்றிவிட வேண்டுமாம். தம்பிகள் இரண்டு பேரும் இப்போது அக்கா வீட்டுக்குப் போக வர இருக்கிறார்களாம்.