மதகு யார் கையில்?

கனடாவில் இன்று எந்தப் பெருந்திட்டம் அறிவிக்கப்பட்டாலும், அது சுரங்கமாக இருக்கட்டும், எரிவாயுக் குழாயாக இருக்கட்டும், மின்கம்பித் தடமாக இருக்கட்டும், பூர்வகுடி மக்களுக்கு அதில் இத்தனை விழுக்காடு பங்கு என்ற செய்தி முதல் பத்தியிலேயே வந்துவிடுகிறது. மனிடோபா மாகாணத்தின் வடக்கே, நீர்மின் நிலையங்களைச் சுற்றியுள்ள ஆறுகளிலும் ஏரிகளிலும் மீன்வளத்தையும் நீரின் தன்மையையும் கண்காணிக்கும் வேலையில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. விழுக்காட்டைப் படித்ததும் அங்கேயே நின்றுவிடாமல் மேலும் இரண்டு கேள்விகள் கேட்கும் வழக்கம் அந்த வேலையில்தான் எனக்கு வந்தது. திட்டத்தின் வரைபடம் முடிவாவதற்கு முன்பு அந்தப் பங்கு வந்ததா, பின்பு வந்ததா? கட்டி முடித்த பிறகு நீர்மட்டத்தை ஏற்றவும் இறக்கவும் அந்தப் பங்குக்கு அதிகாரம் உண்டா?

இந்தக் கேள்விகளுக்கு அங்கே ஒரு பின்னணி இருக்கிறது. 1970களில் மாகாண அரசின் மின் நிறுவனமான மனிடோபா ஹைட்ரோ, சர்ச்சில் ஆற்றின் பெரும்பகுதித் தண்ணீரைத் தெற்கே திருப்பி, ரேட், பர்ன்ட்வுட் ஆறுகளின் வழியாக நெல்சன் ஆற்றில் சேர்த்தது. நெல்சன் ஆற்றில் வரிசையாகக் கட்டிவந்த மின் நிலையங்களுக்குக் கூடுதல் நீர் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். அதற்காக மிஸ்ஸி அருவியில் ஓர் அடைப்பு, நோட்டிகியில் ஒரு மதகு. இடையில் இருந்த சதர்ன் இந்தியன் ஏரியின் மட்டம் சுமார் 3 மீட்டர் உயர்ந்தது. அதன் கரையில் இருந்த கிரீ என்ற பூர்வகுடி மக்களின் ஊரே இடம் பெயர நேர்ந்தது. வைட்ஃபிஷ் மீன்பிடியால் நல்ல வருமானம் பார்த்துவந்த ஊரின் தொழில் சரிந்தது.

அந்த ஏரிக்கரைகளில் நடந்தவர்களுக்குத்தான் 3 மீட்டர் என்பதன் பொருள் முழுமையாகப் புரியும். அங்கே பல இடங்களில் கரைமண்ணுக்கு அடியில் நிரந்தரமாக உறைந்த களிமண் இருக்கிறது. ஏறிய தண்ணீர் அந்த உறைமண்ணைத் தொட்டவுடன் அது இளகத் தொடங்குகிறது. மேலே இருக்கும் பாசிப்படுகை அடிமானம் இல்லாமல் தொங்குகிறது. ஸ்ப்ரூஸ் மரங்கள் ஒவ்வொன்றாக ஏரியின் பக்கம் சாய்ந்து, வேரோடு உள்ளே விழுகின்றன. விழுந்த மரம் மிதந்து போய் வேறொருவருடைய வலையைக் கிழிக்கும், அல்லது படகின் இயந்திரத்தில் அடிபடும். மிதக்கும் மரங்களை அகற்றுவதற்கென்றே உள்ளூர் ஆட்களை வைத்துப் படகு ரோந்து நடத்துகிறார்கள். குளிர்காலத்தில் பனிமேல் பாதுகாப்பான பாதையைக் குறித்துவைக்கவும் தனியாக ஆட்கள் உண்டு. அரை நூற்றாண்டுக்கு முன் எடுத்த ஒரு முடிவின் பராமரிப்புச் செலவு இது.

1977இல் ஐந்து கிரீ சமூகங்களுடன் வடக்கு வெள்ள ஒப்பந்தம் கையெழுத்தானது. நிலத்துக்கு மாற்று நிலம், சேதத்துக்கு ஈடு, வேலைவாய்ப்பு எனப் பல வாக்குறுதிகள் அதில் இருந்தன. அவற்றில் எவை நிறைவேறின என்ற வழக்கு நெடுங்காலம் நடந்தது. 1990களில் நான்கு சமூகங்கள் தனித்தனி ஒப்பந்தங்கள் செய்துகொண்டன. கிராஸ் லேக் மட்டும் மறுத்துவிட்டது. 2014இல் கிராஸ் லேக் மக்கள் ஜென்பெக் மின் நிலைய வளாகத்துக்குள் சென்று அமர்ந்தார்கள். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் மாகாண முதல்வர் மன்னிப்புக் கேட்டார். பங்குரிமைப் பேச்சு இந்த வரலாற்றிலிருந்து பிறந்தது. இனி அணை கட்டினால் எங்களையும் உரிமையாளர்களாகச் சேர்த்துக் கட்டுங்கள் என்பதே அதன் சாரம்.

முதலில் சேர்ந்தது நெல்சன் ஹவுஸ் ஊரில் வாழும் நிசிச்சவயாசிக் கிரீ சமூகம். பர்ன்ட்வுட் ஆற்றில் வுஸ்க்வாடிம் மின் நிலையத்தை மனிடோபா ஹைட்ரோவுடன் கூட்டாகக் கட்டுவதென்று முடிவாகி, 2006இல் ஊர் மக்கள் வாக்களித்து ஒப்பந்தத்தை ஏற்றார்கள். சமூகத்துக்கு 33 விழுக்காடு வரை பங்கு வாங்கும் உரிமை. என் பார்வையில் இந்தத் திட்டத்தில் விழுக்காட்டைவிடப் பெரிய செய்தி வேறு. முதலில் பேசப்பட்ட வடிவமைப்பில் நிலையத்தின் திறன் சுமார் 350 மெகாவாட். அதற்கு நூறு சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலம் மூழ்கியிருக்கும். கட்டப்பட்டதோ 200 மெகாவாட் நிலையம். புதிதாக மூழ்கியது அரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. ஏறத்தாழ 150 மெகாவாட்டை விட்டுக்கொடுத்து ஒரு ஏரியைச் சுற்றியுள்ள காட்டை வைத்துக்கொண்டார்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்று அறிக்கைகளில் நாங்கள் எழுதிக் குவிக்கும் தணிப்பு நடவடிக்கைகள் அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்தாலும் இந்த ஒரு முடிவுக்கு ஈடாகாது. மூழ்கிய நிலத்தைச் சரிசெய்ய எங்களிடம் நல்ல வழி எதுவும் இல்லை. மூழ்காமல் விடுவது ஒன்றே வழி, அந்த வழி வரைபட நிலையில் மட்டுமே திறந்திருக்கும்.

ஆனால் பணத்தின் கதை வேறு விதமாகப் போயிற்று. கட்டுமானச் செலவு முதல் மதிப்பீட்டை வெகுவாகத் தாண்டியது. 2008க்குப் பிறகு அமெரிக்காவில் பொருளாதாரம் தளர்ந்து, ஷேல் எரிவாயுவும் மலிவாகிவிட, மனிடோபா ஏற்றுமதி செய்யும் மின்சாரத்தின் விலை இறங்கியது. 2012இல் நிலையம் ஓடத் தொடங்கியபோது, எதிர்பார்த்த லாபம் அருகில் தெரியவில்லை. சமூகம் தன் பங்குக்கான பணத்தின் பெரும்பகுதியைக் கூட்டாளியான மின் நிறுவனத்திடமே கடனாகப் பெற்றிருந்தது. ஒப்பந்த நிபந்தனைகளைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. சந்தை விலையைத் தீர்மானிக்கும் சக்தி எதுவும் இல்லாத சிறுபான்மைப் பங்குதாரர், சந்தையின் நட்டத்தை மட்டும் தன் பங்குக்குச் சுமக்கிறார். இதைச் சமூகத்தின் வணிக அறியாமை என்று பேசுகிறவர்களைக் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். நிபுணர்களை வரிசையாக வைத்திருந்த மின் நிறுவனமே கணிக்கத் தவறிய விலையை ஒரு கிரீ ஊர் மட்டும் எப்படிக் கணித்திருக்கும் என்பதை அவர்கள் யோசிப்பதாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு அதுதான் மையமாகப் படுகிறது. வுஸ்க்வாடிமில் சுழலும் தண்ணீரில் பெரும்பங்கு நோட்டிகி மதகு வழியாக வருகிறது. அந்த மதகு கூட்டு நிறுவனத்தின் சொத்து அல்ல. ஆற்றைத் திருப்பிய பழைய திட்டத்தின் சொத்து, அதாவது மின் நிறுவனத்தின் சொத்து. நான் தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்தவன். வயலுக்குப் பட்டா இருந்தாலும் வாய்க்கால் தலைப்பில் மதகு எவன் கையில் இருக்கிறதோ அவனைப் பார்த்துத்தான் நாற்று விட வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நெல்சன் ஹவுஸில் ஓய்வுபெற்ற ஒரு மீனவர் என் கையிலிருந்த நீர்மட்ட வரைகோட்டைப் பார்த்துவிட்டு, தன் பேத்தி வழியாகக் கேட்டது இதையேதான்: “குளிர்காலத்தில் பனிக்கு அடியில் தண்ணீரை ஏற்றி இறக்குகிறார்களே, அதைப் பற்றி எங்கள் பங்கு என்ன சொல்கிறது?” குளிர்காலத்தில் மின் தேவை அதிகம் என்பதால் அப்போது நீர் கூடுதலாகத் திறந்துவிடப்படுகிறது, பனி விளிம்பில் விரிசல் விட்டு, மேலே நீர் ஊறி, சேறும் பனியும் கலந்த குழம்பாகிறது, ஸ்னோமொபைலில் வேட்டைப் பொறிகளைப் பார்க்கப் போகிறவர் அதில் சிக்கிக்கொள்கிறார். வுஸ்க்வாடிம் ஏரியின் மட்டத்துக்கு உரிமத்தில் குறுகிய வரம்பு உண்டு, அதைக் காட்டி அவருக்குப் பதில் சொன்னேன். அவர் கேட்டது ஆற்றில் அதற்கு மேலே இருக்கும் மேல்நிலை ஏரிகளைப் பற்றி. அங்கே பங்கு எதுவும் சொல்லவில்லை.

அடுத்து வந்தது நெல்சன் ஆற்றில் கீயாஸ்க், 695 மெகாவாட். 2009இல் தாத்தாஸ்க்வேயக், வார் லேக், யார்க் ஃபாக்டரி, ஃபாக்ஸ் லேக் ஆகிய நான்கு கிரீ சமூகங்கள் கூட்டாளிகளாயின; 25 விழுக்காடு வரை பங்கு. இங்கே ஒரு புதுமை நடந்தது. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைப் பொறியாளர்களும் உயிரியலாளர்களும் மட்டும் எழுதாமல், கூட்டாளிச் சமூகங்கள் தங்கள் பார்வையில் தனியே மதிப்பீடு எழுதி அதோடு சேர்த்தன. நாங்கள் எண்களால் எழுதியதற்கும் அவர்கள் எழுதியதற்கும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை, ஒத்துப்போக வைக்கவும் யாரும் முயலவில்லை. அது நல்லது என்றே நினைக்கிறேன். 2014இல் உரிமம் கிடைத்த பிறகும், அறிவியல் கண்காணிப்புக்கு இணையாகச் சமூகங்களின் மரபறிவுக் கண்காணிப்பும் நடந்துவருகிறது.

கண்காணிப்பில் அதிகம் பேசப்படுவது இரண்டு. ஒன்று ஸ்டர்ஜன். நூறாண்டு வரை வாழக்கூடிய மீன். பெண் மீன் முதல் முறை முட்டையிட ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆகும். அணை எழுந்த ‘கல் ரேப்பிட்ஸ்’ (Gull Rapids) என்ற விரைநீர்ப் பகுதி அவற்றின் முட்டையிடும் இடம். அதற்கு ஈடாகக் குஞ்சுகளை வளர்த்து ஆற்றில் விடுகிறார்கள். இன்று விட்ட குஞ்சு முட்டையிடுமா என்று தெரிவதற்குள், விட்டவர்களில் பலர் ஓய்வு பெற்றிருப்பார்கள்.

மற்றொன்று பாதரசம். சுமார் 45 சதுர கிலோமீட்டர் நிலம் மூழ்கும்போது, மண்ணிலும் பாசியிலும் இயல்பாகவே இருக்கும் பாதரசத்தை நீரடி நுண்ணுயிரிகள் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது சிறு உயிர்களிலிருந்து மீனுக்கும், மீனைத் தின்னும் மீனுக்கும் ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே நாங்கள் பார்ப்பது ஜாக்ஃபிஷையும் பிக்கரலையும். வலையிலிருந்து எடுத்ததும் நீளமும் எடையும் குறித்துக்கொண்டு, வயதறிய துடுப்பு முள்ளோ காதுக்கல்லோ எடுத்து, முதுகுத் துடுப்புக்குக் கீழே தோலை விலக்கி, சிறு துண்டு தசையை வெட்டிப் பைக்குள் போட்டு எண் எழுதுவோம். பெரிய மீனில் பாதரசம் எப்போதும் கூடுதலாக இருக்கும் என்பதால், ஜாக்ஃபிஷை 550 மில்லிமீட்டருக்கும் பிக்கரலை 400 மில்லிமீட்டருக்கும் சமப்படுத்தி ஒப்பிடுவது இங்குள்ள முறை. விற்பனைக்கான வரம்பு பத்து லட்சத்தில் 0.5 பங்கு. ஏரி மூழ்கிய சில ஆண்டுகளில் அளவு உச்சத்துக்குப் போய், பழைய நிலைக்குத் திரும்ப முப்பது ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். இவை எல்லாம் கணக்கு. என்னுடன் படகில் வந்த ஊர்க் கண்காணிப்பாளர் கேட்டதோ, “வரம்புக்குள் இருக்கிறது என்று நீங்கள் சொன்ன பிறகும் என் அம்மா மீன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார், அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?” என்று. அவருடைய படிவத்தில் அதற்கு இடம் இருந்தது, என்னுடையதில் இல்லை.

2020 மே மாதம் நடந்ததைப் பங்குரிமை பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும். கொரோனாப் பரவலின் நடுவே, கீயாஸ்க் முகாமில் இருந்த தொழிலாளர்களை மாற்றி வெளியூர்களிலிருந்து நூற்றுக்கணக்கானவர்களைப் புதிதாகக் கொண்டுவர மின் நிறுவனம் முடிவெடுத்தது. கூட்டாளிச் சமூகங்கள் ஆட்சேபித்தும் பலனில்லாமல், கடைசியில் அணைக்குச் செல்லும் சாலையை மறித்தன. நிறுவனம் நீதிமன்றத் தடையாணை வாங்கியது. பிறகே பேச்சு நடந்து தீர்வு வந்தது. தன் சொந்தத் திட்டத்தின் வாசலை உரிமையாளரே மறித்தால்தான் தன் சொல் கேட்கும் என்றால், அந்த உரிமை எத்தகையது? அணைக்கட்டுகளுக்கு வந்த வெளியாட்களால் முன்னொரு காலத்தில் ஃபாக்ஸ் லேக் பெண்களுக்கு நேர்ந்த கொடுமைகளை 2018இல் வெளியான ஓர் ஆணைய அறிக்கை பதிவு செய்திருக்கிறது. முகாமுக்கு யார் வருகிறார்கள் என்பது அந்த ஊர்களுக்கு வெறும் நிர்வாக விவகாரம் அல்ல.

பக்கத்து மாகாணமான ஒன்டாரியோவில் வாட்டேநிகனேயாப் மின்தடம் வேறொரு வழியில் போயிருக்கிறது. 24 பூர்வகுடிச் சமூகங்கள் சேர்ந்து 51 விழுக்காடு வைத்திருக்கின்றன. சுமார் 1,800 கிலோமீட்டர் கம்பி. டீசலில் ஓடிக்கொண்டிருந்த 17 தொலைதூர ஊர்களை மின்வலையில் சேர்ப்பது நோக்கம். காலப்போக்கில் முழு உரிமையும் சமூகங்களுக்கு வர வேண்டும் என்பது குறிக்கோள். பெரும்பான்மைப் பங்கு ஒரு பக்கம் இருக்க, மின்தடத்தின் வருமானம் ஒழுங்குமுறை வாரியம் நிர்ணயிக்கும் கட்டணத்தில் வருவதால், வுஸ்க்வாடிமை வாட்டிய ஏற்றுமதிச் சந்தை அதற்கு இல்லை. இதற்கு மறுகோடியில் 2022இல் அல்பர்ட்டாவில் 23 சமூகங்கள் சேர்ந்து, என்பிரிட்ஜ் நிறுவனத்தின் ஏழு குழாய்ப்பாதைகளில் 11.57 விழுக்காட்டை 112 கோடி கனடிய டாலருக்கு வாங்கியதை வைக்கலாம். நிலையான வருமானம் தரும் முதலீடு அது, அதைக் குறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை. ஆனால் குழாய்கள் ஏற்கெனவே மண்ணுக்கடியில் இருப்பவை. எந்தச் சதுப்பு வழியாகப் போவது என்று பேசும் காலம் கடந்துபோயிற்று.

பங்கு வாங்க வழியில்லாத சமூகங்களுக்கு 500 கோடி டாலர் வரை கடன் உத்தரவாதம் தருவதாக மத்திய அரசு 2024 பட்ஜெட்டில் அறிவித்து, அடுத்த ஆண்டு அதை 1,000 கோடியாக்கியிருக்கிறது. பணம் இனிப் பழைய அளவுக்குத் தடையாக இருக்காது. அந்தப் பணத்தை வைத்து எழுதப்படும் ஒப்பந்தங்களில் நீர்மட்ட இயக்க விதிகளும் மேல்நிலை மதகுகளும் வேலை நிறுத்தும் அதிகாரமும் இடம்பெறுமா, கண்காணிப்புக் குழுவின் நிதி ஈவுத்தொகை வராத ஆண்டுகளிலும் குறையாமல் வருமா என்பவற்றைத்தான் நான் தேடிப் படிக்கிறேன். கீயாஸ்க் ஏரி 2020இல்தான் நிரம்பியது. பாதரசத்துக்காக மீனை வெட்டிப் பார்க்கும் வேலை 2050 வரையாவது இருக்கும், அதற்கான சம்பளத்தை அந்த ஊர்க்காரர்களே வாங்க வேண்டும்.