கிணற்றுக் கட்டிலிருந்து ஓர் இத்தி

மே 4, கல்லடி, மட்டக்களப்பு

"இது கிணத்தையே பிளந்து போடும், வேரோட எடு மகன்" என்றா அம்மா. கட்டின் வெடிப்பில் முளைத்திருந்த, ஆலமர இனத்து இத்தியை உளி வைத்துப் பெயர்த்தெடுத்தேன். அடித்தண்டு பெருவிரல் மொத்தம். எறிய மனம் வரவில்லை. வேரை வெட்டியதும் பால் வழிந்தது, நிற்கும்வரை அலசினேன். கடற்கரை மணல் பக்கத்திலேயே கிடக்கிறது, ஆனால் உப்பு. ஆகவே செங்கல்லை உடைத்து, தூளைச் சலித்துக் கழித்து, மூன்று பங்குக்கு ஒரு பங்கு மக்கிய இலை சேர்த்துத் தட்டையான சட்டியில் நட்டேன். மரத்தைச் சட்டியில் சிறிதாகவே வளர்ப்பதைச் சொல்லும் பொன்சாய் என்ற ஜப்பானியச் சொல்லுக்குத் தட்டில் நட்டது என்றுதான் பொருள்.

மே 27

சிவந்த குருத்து ஒன்று! தொடாமல் நிழலிலேயே விட்டிருக்கிறேன்.

ஜூலை 2

மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று தொடங்கிவிட்டது. வாவியைத் தாண்டி வந்தும் சூடு குறையவில்லை. கிணற்றடி வல்லாரையைச் சிரட்டையில் நட்டு, இத்திக்குத் துணையாக வைத்திருந்தேன். மத்தியானம் அது துவண்டு கிடந்தது. இத்தியில் ஒரு மாற்றமும் இல்லை, ஆனால் சட்டிக்குள் விரலை விட்டால் ஓர் அங்குலத்துக்கு ஈரமே இல்லை. சிரட்டையில் மண் கொஞ்சம்தானே, அதுதான் முதலில் காய்கிறது. இனி வல்லாரையைப் பார்த்தே தண்ணீர் ஊற்றுவேன். இரண்டையும் வீட்டின் கிழக்குப் பக்கம், காற்றுப் படாத இடத்துக்கு மாற்றினேன்.

ஜூலை 21

பல நாளாக ஒரு குறை. ஏழு அங்குல இத்தி மரமாகத் தெரியவில்லை, சட்டியில் வைத்த கன்றாகத்தான் தெரிந்தது. கிளையை வெட்டிப் பார்த்தேன், சட்டியைத் திருப்பிப் பார்த்தேன். இன்று மதிலோரம் புளியாரை கண்ணில் பட்டது. விரல் நகத்தை விடச் சின்ன இலை, ஒரு மஞ்சள் பூ. வல்லாரையைத் தள்ளி வைத்து, அந்த இடத்தில் இதை வைத்தேன். சட்டென்று இத்தி வளர்ந்து நின்றது! வல்லாரையின் அகன்ற இலைதான் மரத்தைச் சிறிதாக்கியிருக்கிறது. இப்படிப் பக்கத்தில் வைக்கும் துணைச் செடியை ஷிதகுசா என்று தனிக் கலையாகவே ஜப்பானியர் வளர்ப்பது ஏன் என்று இப்போது விளங்குகிறது. வெகுநேரம் தரையில் குந்தியிருந்து பார்த்தேன்.

செப்டம்பர் 8

கிளையை வளைக்கச் சுற்றிய அலுமினியக் கம்பியைப் பிந்தித்தான் கழற்றினேன். பட்டையில் வரி விழுந்துவிட்டது. இத்தி வேகமாகப் பருக்கும், வாரம் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும்.

நவம்பர் 16

மூன்று நாளாக விடாத மழை. தண்ணீர் தேங்காமலிருக்கச் சட்டியின் ஒரு பக்கத்துக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தேன். குனிந்தபோதுதான் கண்டேன், கீழ்க்கிளையிலிருந்து நூல் போல ஒரு விழுது. வெள்ளை நுனி, அரை அங்குலம்கூட இல்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குடையோடு வந்து பார்த்தா.