உப்பு பூத்த அட்டைகள்

பாம்பனில் ஒரு பழைய கருவாட்டுக் கிட்டங்கியைக் கழுவி, இளம் ஓவியர்கள் சிலர் நடத்திவரும் கண்காட்சியை நேற்று மாலை பார்த்தேன். (கருவாட்டு வாசனை முழுதாகப் போகவில்லை, போகாததே நல்லது.)

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைத் தாக்கிய புயலைப் பற்றிய பெரிய ஓவியங்கள் என்னை அவ்வளவாக ஈர்க்கவில்லை. இடிந்த தேவாலயத்தை எத்தனையோ பேர் வரைந்துவிட்டார்கள். என்னை நிறுத்தியது நடுவிலிருந்த மேசைதான். இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்ள வகைசெய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அங்கிருந்து வந்த தாயகம் திரும்பியோருக்கு மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டைகளை, கடற்பாசி எடுக்கும் பெண்கள் விரல்களில் சுற்றிக்கொள்வது போன்ற துணிக்கீற்றுகளில் அச்சிட்டு, கடல்நீரில் நனைத்துக் காயவைத்திருந்தார்கள். பெயர்களின் மேல் உப்பு பூத்திருந்தது.

தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கிய என் அப்பத்தா, அப்படியோர் அட்டையைச் சாகும்வரை அரிசி டின்னுக்குள் வைத்திருந்தார். வெள்ளையர் காலத்தில் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களைத் தடுத்துவைத்து நோய் சோதித்ததும் இதே மண்டபம் முகாமில்தான் என்பதை ஒற்றை வரிக் குறிப்பாகச் சுவரோரத்தில் ஒதுக்கியிருந்தது எனக்குக் குறையாகவே பட்டது. போனதும் வந்ததும் ஒரே வாசல் வழியாக என்பது தனி அறைக்குரிய செய்தி.

பக்கத்தில் நின்ற பாசி எடுக்கும் அம்மா ஒருவர் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது புதுத் துணி தம்பி, விரல்ல நிக்காது; பழஞ்சேலையைக் கிழிச்சுத்தான் சுத்தணும்" என்றார்.